அணைத்துப் பார்த்தால்தான் தெரியும்

பித்தளை மினுக்கும் இந்தப் பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களோடு கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்று முதலாளியின் மகன் கேட்டபோது, என்ன பேசுவது என்று யோசித்தேன். புளி எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, எந்த உலோகத்துக்கு எந்த மினுக்குச் சில்லைச் சுழற்றுவது, இதெல்லாம் ஒரு வருடத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும். வராவிட்டால் நான் சொன்னாலும் வராது. அதனால் ஒரு விளக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு வந்த விளக்கு. சந்தோஷமான கதை இல்லை. இருந்தாலும் இதைத்தான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

இந்தத் துறைமுகத்து உப்புக் காற்றில் எந்தப் பித்தளையும் நிறம் மாறாமல் இருப்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். அதனால்தான் நமக்கு வேலை ஓயாமல் இருக்கிறது. கோயில்கள், ஹோட்டல்கள், பழைய சாமான் சேர்க்கிறவர்கள் என்று எல்லாரும் வருவார்கள். சுகந்தி என்ற பிள்ளை வந்தது ஹோட்டல் பக்கத்தால். நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் அலுவலகத்தில் வேலை. அந்த ஹோட்டலின் பித்தளைச் சாமான் முழுவதும் அவள் கையால்தான் நம்மிடம் வரும். முப்பது வயதுக்குள் இருக்கும். சுறுசுறுப்பான பிள்ளை. அதிகம் பேச மாட்டாள். என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுவாள்.

அன்று அவள் ஹோட்டல் சாமான் எதுவும் கொண்டுவரவில்லை. கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். ஐந்து முகக் குத்துவிளக்கு. இடுப்பளவு உயரம் இருக்கும். உச்சியில் அன்னம். வார்ப்பைப் பார்த்தால் நூறு வருடத்துக்குக் குறையாது என்று தெரிந்தது. ஆனால் கரி. எண்ணெய்ப் பிசுக்கு இறுகி இறுகித் தார் பூசியதுபோல் மூடியிருந்தது. அதன் ஒரு முகத்தில் சுடர் எரிந்துகொண்டிருந்தது.

"அம்மாட விளக்கு நானா. சம்பூரில இருந்து வரேக்க கொண்டு வந்தது. இரவு பகலா எரியுது. அடியால எண்ணெய் ஒழுகுது. போன மாசம் கீழ விரிச்சிருந்த துணி பத்தி, சன்னல் சீலையும் பத்திப் போட்டுது. என்ர மகன் இப்ப தவழுறான்."

"கொண்டு வாங்கோ, பாப்பம்," என்றேன்.

"கொண்டுவர விட மாட்டா. ஒருநாளும் நூக்க விடுறதில்ல." சுடரை அணைக்க விடுவதே இல்லையாம். குரலைத் தாழ்த்தினாள். "நீங்க வீட்ட வந்து பாத்திட்டு, 'இது பழசு, இனி எரிக்க ஏலாது' எண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். நான் சொன்னா அம்மா கேக்க மாட்டா. தொழில் தெரிஞ்ச ஆள் சொன்னாக் கேப்பா."

"பாக்காம எப்பிடிப் பிள்ளை சொல்லுறது?"

"பாக்கிற மாதிரிப் பாருங்கோ. பிறகு சொல்லுங்கோ."

முதலாளி உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவள் போனதும் என்னிடம் வந்தார். "ஒரு வாய்ச்சொல்லுத்தானே. சின்னப் பிள்ளை தவழுற வீடு. பொய்யெண்டாலும் புண்ணியம்," என்றார். ஹோட்டல் வேலை அந்தப் பிள்ளையின் கையில் இருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் நினைக்கவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். பொய் சொல்லக் கெட்ட காரணம் காட்டினால் மறுப்பது சுலபம். நல்ல காரணத்தைக் காட்டும்போதுதான் கால் தடுமாறும். தீப்பிடித்து அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அவர்கள் வீடிருக்கும் அன்புவழிபுரத்துக்குப் போகும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு போனேன். வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும் வரைக்கும் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

சுகந்தியின் தாய் பேர் பூரணம். என்னைவிடச் சில வயது மூத்தவராக இருப்பார். மெலிந்த உடம்பு. வெள்ளை நூல் சேலை. என்னைக் கண்டதும், "மினுக்கிற ஆளோ? வாங்கோ தம்பி," என்று உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டார். ஆனால் முகத்தில் ஒரு சந்தேகம் இருந்தது. நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குப் பாதி தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

விளக்கு சாமியறையில் இல்லை. முன் விறாந்தையில், வீதியைப் பார்த்த சன்னலுக்குப் பக்கத்தில், ஒரு முக்காலிமேல் இருந்தது. அடியில் ஒரு அலுமினியக் கிண்ணம். ஒழுகும் எண்ணெயை அதில் பிடித்துத் திரும்பவும் மேலே எண்ணெய் நிற்கும் தகழிக்குள் ஊற்றுவாராம். சன்னல் சட்டத்தில் தீப்பட்ட கறுப்பு இன்னும் இருந்தது. குழந்தை வராமலிருக்க இரண்டு கதிரைகளைப் படுக்கப்போட்டு மறித்திருந்தார்கள். குழந்தையோ அந்தக் கதிரைகளைப் பிடித்துத்தான் எழும்பப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தொடலாமோ அக்கா?" என்று கேட்டேன். கோயில் விளக்கென்றாலும் வீட்டு விளக்கென்றாலும் நான் கேட்டுவிட்டுத்தான் தொடுவேன்.

"தொடுங்கோ. அதுக்கென்ன? சுடும், பாத்து."

குனிந்து பார்த்தேன். எண்ணெய் தண்டின் வழியாக மெதுவாக வடிந்துகொண்டிருந்தது. தகழியும் தண்டும் சேரும் திருகு மரையில் ஒழுகினால் அது ஒன்றுமே இல்லை. கழற்றித் துடைத்துத் திரும்ப முறுக்கினால் நின்றுவிடும். தகழியில் வெடிப்பு இருந்தால் அது வேறு கதை. அந்தக் கரிக்குக் கீழே எது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். கரி விடவில்லை.

சுகந்தி தாயின் முதுகுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உரத்த குரலில், தாய்க்குக் கேட்கும்படி கேட்டாள்:

"சொல்லுங்கோ நானா. இதை இனி எரிக்கலாமோ?"

உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்கு எந்தப் பெரிய நீதியும் தோன்றவில்லை. அந்த அம்மா என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொல்லப்போவதை நம்புவதா இல்லையா என்று முடிவெடுக்கிற பார்வை இல்லை அது. நம்புவதற்குத் தயாராக நிற்கிறவரின் பார்வை. அதுதான் என்னைத் தடுத்தது.

"தெரியாது," என்றேன்.

"என்ன தெரியாது?"

"நூத்து, கழட்டி, கரியை எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். இப்ப எரிக்கலாம் எண்டு சொன்னாலும் பொய், ஏலாது எண்டு சொன்னாலும் பொய்."

சுகந்தியின் முகம் சிவந்தது. "இதைச் சொல்லவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

பூரணம் அக்கா மகளைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு மிச்சப் பாதியும் விளங்கிவிட்டது. ஆனால் மகளோடு கோபப்படவில்லை. என்னிடம் சொன்னார்: "நூக்க ஏலாது தம்பி."

"சுடரை ஒரு சின்ன மண்சுட்டி விளக்கில எடுத்து வைப்பம் அக்கா. சுடர் நூராது. விளக்கை மட்டும் நான் கொண்டுபோறன்."

"சுடரில்ல. இந்த விளக்குத்தான்." முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ஒருக்கா நூத்தனான். அதுக்குப் பிறகு நூக்கிறதில்ல."

பிறகு சொன்னார். சண்டையில் இடம்பெயர்ந்து ஓடிவந்தபோது வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினார்களாம். சனம் நிறைந்து கால் வைக்க இடமில்லை. சம்பூர் வீட்டில் மாடும் கன்றும் கட்டினபடியே நிற்கிறதென்று அவருடைய மூத்தவன் திரும்பிப் போனான். இருபது வயது. கட்டின மாடு கட்டினபடியே செத்துப்போகும் என்று நின்ற இடத்தில் நிற்காமல் துடித்தானாம். அவிழ்த்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்றான். போகும்போது, "இருட்டினா இந்தச் சனத்துக்குள்ள உங்களை எங்க தேடுறது? விளக்கை ஏத்தி உயரத்தில வையுங்கோ, அதைப் பாத்து வாறன்," என்றான்.

"ஏத்தி வச்சனான் தம்பி. மதிலுக்கு மேல வச்சனான். பிறகு செல்குண்டு விழுற சத்தம் கிட்டக் கிட்ட வந்திது. வெளிச்சத்தை நூருங்கோ, நூருங்கோ எண்டு சனம் எல்லாம் கத்திச்சினம். நான் நூத்தனான். விடிய முதல் அங்கயிருந்து எழும்பி நடந்திட்டம். அவன் வரேல்ல."

அவன் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தானா, மாட்டிடமாவது போய்ச் சேர்ந்தானா, ஒருவருக்கும் தெரியாது. தேடாத இடமில்லை, கேட்காத ஆளில்லை. ஒரு சொல்கூட இன்றுவரை கிடைக்கவில்லை. நானும் சம்பூருக்குப் பக்கத்து மூதூர்க்காரன். நாங்களும் அதே காலத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்கள்தான்.

அப்போது சுகந்தி சொன்னாள்: "ஏனம்மா பொய் சொல்லுறீங்க?"

மிக மெதுவாகத்தான் சொன்னாள். தாய் திரும்பினார்.

"நீங்க நூக்கேல்ல. நான்தான் ஊதினனான். சனம் கத்தேக்க பயத்தில மதிலில ஏறி வாயால ஊதினனான். உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதானே இவ்வளவு காலமும் என்ர கண்ணுக்கு முன்னால எரிச்சுக்கொண்டிருக்கிறீங்க? நான் சாப்பிடேக்க, படிக்கேக்க, கலியாணம் கட்டேக்க, பிள்ளை பெத்து வந்து இறங்கேக்க… எப்பவும் எரியுது. நீ செய்ததைப் பார் எண்டு எரியுது."

பூரணம் அக்கா மகளை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பெண் இத்தனை வருடமாக அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்குச் சாடைமாடையாகக்கூடத் தெரிந்திருக்கவில்லை. அதை நான் அந்த முகத்தில் கண்டேன். அந்த முகத்தை மறக்க இன்றுவரைக்கும் முடியவில்லை.

"உனக்குக் காட்டவோ?" என்றார் கடைசியில். "உனக்குக் காட்டவோ நான்…"

பிறகு வலது கையை நீட்டினார். பெருவிரலையும் சுட்டுவிரலையும் மகளின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"அஞ்சு முகமும் ஏத்தி வச்சனான் பிள்ளை. தூரத்தில வரேக்கயும் தெரியோணும் எண்டு அஞ்சும் ஏத்தினனான். நீ ஊதினது ஒண்டு. மிச்சம் நாலையும் நூத்தது ஆர்? இந்தக் கை. நீ ஊதாட்டியும் அதையும் நான்தான் நூத்திருப்பன்."

சுகந்தி சமையல் குசினிக்குள் போய்விட்டாள். அங்கே தண்ணீர்க் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. குழந்தை கதிரையைப் பிடித்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றான்.

நான் எழும்பினேன். போய்விடுவதுதான் மரியாதை என்று தோன்றியது. பூரணம் அக்கா, "நில்லுங்கோ தம்பி," என்றார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். விளக்குக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதே இரண்டு விரலால் திரியை எண்ணெய்க்குள் அழுத்தினார். ஒரு நூல் புகை எழும்பிச் சன்னல் பக்கம் போனது.

"கழட்டிக் கொண்டு போங்கோ. பாத்துச் சொல்லுங்கோ."

பட்டறையில் அந்தக் கரியை எடுக்க நான் அவசரப்படவில்லை. மினுக்குச் சில்லில் பிடிக்கவில்லை, மருந்தும் போடவில்லை. சுடுதண்ணீரிலும் சவர்க்காரத்திலும் ஊறவைத்து மரக்குச்சியால்தான் எடுத்தேன். கீழே நல்ல வெண்கலம். மரையில் ஒரு பிழையும் இல்லை. தகழியைக் கையில் ஏந்தி விரலால் தட்டினேன். மணிச்சத்தம் வரவில்லை. மண்சட்டியைத் தட்டினது போல ஒரு சத்தம். வெடித்த உலோகம்தான் அப்படிச் சத்தம் போடும். துடைத்துப் பார்த்தபோது ஒரு முகத்தின் விளிம்பிலிருந்து நடுத்தண்டு வரைக்கும் வெடிப்பு ஓடியிருந்தது. உப்பு உள்ளே போய் உலோகத்தைத் தின்றிருந்தது. சூடு காட்டி ஒட்டப் போனால் தகழி இரண்டாகப் போகும்.

ஆக, பார்க்காமல் சொல்லச் சொன்ன அந்தப் பொய்தான் உண்மையாகிவிட்டது. அந்த விளக்கை இனி எரிக்க ஏலாது.

முதலாளி வந்து பார்த்தார். நடந்ததை நான் அவருக்குச் சொல்லியிருந்தேன். அவர் மனம் இளகிப்போயிருந்தது. "பாவமப்பா அந்த மனிசி. ஈயத்தை வச்சு அடைச்சு, மேலால மினுக்கிக் குடு. கொஞ்ச நாளைக்காவது எரியட்டும். ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார். எரிக்க ஏலாது என்று சொல்லிவிட்டு வா என்று என்னை அனுப்பிய அதே மனிதர். அவரைக் குறை சொல்லவில்லை. இரண்டு தரமும் இரக்கத்தால்தான் சொன்னார். ஆனால் எண்ணெய் வற்றித் தகழி காய்ந்தால் ஈயம் இளகும். இளகும்போது அந்தக் குழந்தை எங்கே நிற்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

மறுநாள் கழற்றினபடியே விளக்கைக் கொண்டு போனேன். போகும்போது எனக்கு ஒரு பயம் இருந்தது. மகள் சொல்லித்தந்ததைத்தான் கடைசியில் சொல்கிறேன் என்று அந்த அம்மா நினைத்தால் என்ன செய்வது? அதனால் நான் வாயைத் திறக்கவே இல்லை. தகழியை அவர் கையில் கொடுத்து, ஒரு வெள்ளைத் துணியை மேசையில் விரித்து, "நீங்களே தண்ணி ஊத்திப் பாருங்கோ அக்கா," என்றேன்.

ஊற்றினார். துணியில் ஒரு கோடாக ஈரம் இறங்கியது. வெடிப்பு எப்படிப் போகிறதோ அப்படியே. அவர் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனி எரிக்க ஏலாது. அப்பிடித்தானே?"

"ஓம் அக்கா. ஏலாது."

"அண்டைக்குக் கேக்கேக்க தெரியாது எண்டு சொன்னனீங்கள்." தலையை ஆட்டினார். "இண்டைக்கு ஏலாது எண்டுறீங்கள். சரி தம்பி. அப்ப ஏலாதுதான்."

இதற்காகத்தான் இவ்வளவையும் உங்களுக்குச் சொன்னேன். இரண்டு நாளும் சொல்ல இருந்தது 'ஏலாது' என்ற ஒரே சொல்தான். முதல் நாள் அதைச் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார், நான் உள்ளே அழுகியிருப்பேன். சொல்லாமல் விட்டதால்தான் இரண்டாம் நாள் சொன்னபோது அந்தச் சொல்லில் அவர் சாய்ந்து நிற்க முடிந்தது. நம்மிடம் வருகிறவர்கள் நம் கையை நம்பி வருவதாக நினைத்துக்கொள்கிறோம். வாயையும் நம்பித்தான் வருகிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். கஷ்டமான இடத்தில் அதைச் சொல்வது இன்னும் கஷ்டம். அப்படியும் சொல்லுங்கள். இதனால் ஹோட்டல் வேலை போகவில்லை. ஆனால் போயிருக்கவும் கூடும். அதையும் தெரிந்துகொண்டே சொல்லுங்கள்.

மிச்சத்தையும் சொல்லி முடிக்கிறேன். தகழிக்குள் ஒரு சின்னச் செம்புக் கிண்ணம் செய்து பொருத்தித் தரலாம், எண்ணெய் அதிலே நிற்கும் என்றேன். பூரணம் அக்கா யோசித்தார். மறித்துப் போட்ட கதிரைகளை யாரோ நிமிர்த்தி வைத்திருந்தார்கள். குழந்தை விறாந்தை முழுக்கத் தவழ்ந்துகொண்டிருந்தான். அவனைப் பார்த்துவிட்டு, "வேண்டாம்," என்றார். "மினுக்கித் தாங்கோ. நல்லா மினுக்கித் தாங்கோ."

இந்த வயதுள்ள விளக்கைப் பளபளக்க மினுக்குவது தொழிலுக்கு ஒவ்வாத வேலை. அதன் மங்கல் நிறம் வர ஒரு தலைமுறை எடுக்கும். போக ஒரு மத்தியானம் போதும். அதைச் சொன்னேன்.

"நிறத்தை வச்சு நான் என்ன செய்யப்போறன்? வெளிச்சம் இல்லாட்டியும் வெயிலுக்கெண்டாலும் மின்னட்டும். அதில இருக்கட்டும்." சன்னலைக் காட்டினார்.

மினுக்கினேன். எனக்குத் தெரிந்த எல்லா வேலையையும் அதில் காட்டினேன். நீங்கள் யாராவது அதைப் பார்த்திருந்தால், பழைய சாமானை நாசமாக்கிவிட்டான் என்று என்னைத் திட்டியிருப்பீர்கள். சரிதான். இன்னொரு தரம் கேட்டாலும் அப்படியே செய்வேன்.

கொண்டுபோய்க் கொடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சுகந்தி வீட்டில் இருந்தாள். தாயும் மகளும் அதற்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. இரண்டு பேரும் அளந்து நடப்பதுபோல, ஒருவரையொருவர் முட்டாமல் நடந்துகொண்டிருந்தார்கள். நானும் சுகந்தியுமாக விளக்கை முறுக்கி முக்காலிமேல் நிறுத்தினோம். வெயில் பட்டதும் சுவர் முழுக்க மஞ்சள் வெளிச்சம் அடித்தது.

பூரணம் அக்கா கிட்ட வந்தார். தகழியை விரலால் தடவினார். பிறகு குனிந்து உள்ளே பார்த்தார். கரி படிந்திருந்த இடத்தில் இப்போது அவருடைய முகம் தெரிந்தது. தெளிவாகத் தெரிந்தது. அவர் நிமிரவில்லை.

"இவ்வளவு கிழடாப் போனன்," என்றார். யாரிடமும் சொல்லவில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "வந்தானெண்டாலும் என்னை அடையாளம் பிடிக்க மாட்டான்."

"நான் நிப்பன் தானேயம்மா," என்றாள் சுகந்தி. "நான் சொல்லுவன், இதுதான் அம்மா எண்டு."

"உன்னையும் தெரியாது பிள்ளை. நீ அப்ப இவ்வளவுதான்." கையை இடுப்பளவுக்குப் பிடித்துக் காட்டினார்.

சுகந்தி கிட்ட வந்து, தாயின் தோளோடு தோள் பட, தானும் குனிந்து தகழிக்குள் பார்த்தாள். நான் என் சாமான் பையை எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் வெளியே வந்தேன்.